விமானத்துக்கு 5%, ஆட்டோவுக்கு 18%

பேகம்பேட் விமான நிலையத்தில் இப்போது யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவதில்லை. 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் விமான நிலையம் திறக்கப்பட்டதோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது. தலைவர்களின் தனி விமானங்கள், விமானப் படை, பயிற்சி விமானங்கள் என்று ஓடுபாதைக்கு இன்னமும் வேலை இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அங்கே ‘விங்ஸ் இந்தியா’ கண்காட்சி நடக்கும்போது மட்டும் ஹைதராபாத் நகரமே அந்தப் பக்கம் திரும்பும். 2024 ஜனவரிக் கண்காட்சியில் ஏர் இந்தியாவின் புதிய ஏர்பஸ் ஏ350 விமானத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

வெளியே மக்கள் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். உள்ளே அரங்குகளில் கோட்டு சூட்டுக்காரர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் எம்ஆர்ஓ என்ற மூன்றெழுத்தைப் பற்றி. பராமரிப்பு, பழுதுபார்ப்பு, முழுச் சீரமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த தொழில் அது. விமானத்தை ஒரு முறைதான் விற்க முடியும். அது பறக்கும் 20, 25 ஆண்டுகளுக்கும் உதிரிபாகம் விற்கலாம், கழற்றிப் பூட்டிக் கூலி வாங்கலாம். ஜெட் இன்ஜின் செய்கிறவர்கள் இன்ஜினைப் பெருந்தள்ளுபடியில் தள்ளிவிட்டு, லாபத்தை உதிரிபாகத்திலும் சர்வீஸிலும் எடுப்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. 1962-லேயே பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் ‘வைப்பர்’ இன்ஜினுக்கு, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டது. பின்னாளில் ரோல்ஸ் ராய்ஸ் அந்த முறையை உலகப் புகழ்பெற வைத்தது.

இந்தியாவில் ஓடும் விமானங்களின் கனமான பழுதுகளில், குறிப்பாக இன்ஜின் வேலையில், பெரும்பகுதி இத்தனை காலமும் வெளிநாடுகளுக்கே போய்க்கொண்டிருந்தது. அதை இங்கே திருப்புவதில் மத்திய அரசு அக்கறை காட்டியிருக்கிறது, சந்தேகமில்லை. 2020 ஏப்ரலில் எம்ஆர்ஓ சேவைகள் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 2024 ஜூலையில், இறக்குமதியாகும் விமான உதிரிபாகங்கள் அத்தனைக்கும் ஒரே வரி, அதுவும் 5%தான் என்று ஆனது. 2025 நவம்பர் 26 அன்று ஷம்ஷாபாதில் பிரான்ஸின் சஃப்ரான் நிறுவனத்தின் இன்ஜின் பராமரிப்பு மையத்தைப் பிரதமர் காணொலி வழியே திறந்துவைத்தார். சுமார் 1,300 கோடி ரூபாய் முதலீடு. முழு வீச்சை எட்டும்போது ஆண்டுக்கு 300 லீப் இன்ஜின்களைச் சீரமைக்கலாம் என்பது திட்டம். அதற்கு 2035 ஆகும். இண்டிகோவும் ஏர் இந்தியாவும் வைத்திருக்கும் புதிய குறுகிய உடல் விமானங்கள் பலவற்றில் இருப்பது இந்த லீப்தான்.

இந்த அக்கறைக்குக் காரணம் இருக்கிறது. இன்ஜின் பழுதானால் என்ன ஆகும் என்பதை 2023-இல் கண்கூடாகப் பார்த்தோம். கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் பிராட் அண்டு விட்னி இன்ஜின்களைக் குற்றம்சாட்டிக்கொண்டே மே மாதம் பறப்பதை நிறுத்தியது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதே குடும்பத்து இன்ஜின்களில் உலோகத்தூள் குறைபாடு வெளிப்பட்டபோது இண்டிகோவும் பல டஜன் விமானங்களைத் தரையில் நிறுத்தியது. உதிரிபாகம் கிடைக்காத விமானம் வெறும் தகரம். இது கம்பெனிகளுக்குப் புரிந்தது, அரசுக்கும் புரிந்தது.

ஆனால், இதே பேகம்பேட்டின் சாலையில் ஓடும் ஆட்டோ, கார் விஷயத்தில் மட்டும் அரசுக்கு இது ஏன் புரியவில்லை?

பேகம்பேட், சோமாஜிகூடா பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த கார் ஷோரூம்களைப் பார்த்தபடியே போகலாம். ரசூல்புராவில் திரும்பி மினிஸ்டர் ரோடு வழியாகப் போனால் சில நிமிடங்களில் ராணிகஞ்ச். பேரிங், பெல்ட், ஆயில் சீல், கிளட்ச் தட்டு, பிரேக் ஷூ என்று அடுக்கிவைத்த கடைகள். சென்னைக்காரர்களுக்குச் சொல்வதென்றால் ஜி.பி. ரோடு மாதிரி. பழைய வண்டிகளின் உடல் உறுப்புகளுக்கு ஒரு புதுப்பேட்டையும் எந்த நகரத்திலும் உண்டு. ஷோரூமுக்கும் ராணிகஞ்சுக்கும் நடுவேதான் இந்தியாவின் கார் வைத்திருப்பவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். வாரண்டி இருக்கும்வரை ஷோரூம். அது முடிந்ததும், எஸ்டிமேட்டைப் பார்த்து மூச்சு வாங்கி, தெருமுனை மெக்கானிக்.

அந்த மெக்கானிக்கின் நிலைதான் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மாறியிருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் காதும் கையும் போதும். இப்போது வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேனர் வேண்டும். சந்தையில் கிடைக்கும் பொது ஸ்கேனர் கோளாறு எண்ணை மட்டும் சொல்லும். புதிய பாகத்தைப் பூட்டியபின் வண்டியின் கணினிக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டும் என்றால், பல வண்டிகளில் கம்பெனியின் மென்பொருளும் கம்பெனியின் சர்வரும் வேண்டும். வயரிங் படம் கிடையாது, சர்வீஸ் கையேடு கிடையாது. பாகத்தை உண்மையில் தயாரிக்கிற சப்ளையர் ஒரகடத்திலோ புனேயிலோ இருப்பார்; கார் கம்பெனியின் ஒப்பந்தம் காரணமாக, அதே பாகத்தைத் தன் பெயரில் கடைக்கு விற்க அவருக்கு அனுமதி இருக்காது. ஆக, திறமை குறைந்து மெக்கானிக் தோற்கவில்லை. அவருக்குக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

இதை நான் சொல்லவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று சொன்னது. 2011-இல் ஒரு தனிமனிதர் மூன்று கார் கம்பெனிகள்மீது கொடுத்த புகார் விசாரணையில் விரிந்து, கடைசியில் 14 கம்பெனிகளுக்கு எதிரான தீர்ப்பாக வந்தது. மொத்த அபராதம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல். டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி. ஆணையத்தின் தர்க்கம் அழகானது. கார் வாங்கும்போது உங்களுக்குப் பத்துக் கம்பெனிகள் உண்டு, பேரம் பேசலாம். வாங்கிய மறுநாள் அந்த ஒரே கம்பெனியின் உதிரிபாகச் சந்தைக்குள் அடைபட்டுவிடுகிறீர்கள். ஹோண்டா காருக்கு மாருதி பாகம் பொருந்தாது. பத்து ஆண்டுகளில் பாகத்துக்கும் சர்வீஸுக்கும் எவ்வளவு ஆகும் என்று வாங்கும்போதே கணக்குப் போட யாரிடமும் தகவலும் இல்லை. ஆகவே சிறிய கம்பெனியானாலும் தன் வண்டியின் உதிரிபாகச் சந்தையில் ஒவ்வொருவரும் தனிக்காட்டு ராஜாதான் என்றது ஆணையம். பாகங்களைத் திறந்த சந்தையில் விற்க வேண்டும், சப்ளையரைத் தடுக்கக் கூடாது, தனியார் பட்டறைக்குத் தொழில்நுட்பத் தகவலும் கருவியும் கிடைக்க வழிசெய்ய வேண்டும், வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது.

சில கம்பெனிகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போயின, சில உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் தன்னிடம் வந்த கம்பெனிகளின் தவறு தவறுதான் என்று உறுதிசெய்துவிட்டு, அபராதத்தை மட்டும் மொத்த வருவாய்க்குப் பதில் உதிரிபாக வருவாயின் மேல் கணக்கிடச் சொன்னது. பிறகு வழக்கு சட்ட நுணுக்கங்களுக்குள் போனது. தீர்ப்பு வந்த நாளில் வாங்கிய கார் இன்றைக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போகும் வயதில் இருக்கிறது.

இதே சண்டை ஆகாயத்திலும் நடந்தது என்பதைத்தான் இங்கே பலர் கவனிக்கவில்லை. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐஏடிஏ, 2016-இல் சிஎஃப்எம் நிறுவனத்துக்கு எதிராக ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தது. சிஎஃப்எம் என்பது சஃப்ரானும் அமெரிக்காவின் ஜிஇயும் சேர்ந்து நடத்தும் கூட்டு. லீப் இன்ஜினைச் செய்வது அதுதான். புகாரின் சாரம் நம் கார்க்காரர் சொன்னதேதான்: வெளிப் பட்டறையில் பழுதுபார்க்க விடுவதில்லை, வேறொருவர் செய்த பாகத்தைப் பூட்டினால் ஒத்துழைப்பதில்லை. 2018 ஜூலை இறுதியில் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த பிறர் தயாரிப்புப் பாகங்களைப் பயன்படுத்தும் இன்ஜினுக்கும் ஆதரவு தருவதாக, சுதந்திரமான பட்டறைகளுக்கும் கையேடுகளுக்கு உரிமம் தருவதாக சிஎஃப்எம் ஒப்புக்கொண்டது. பழைய சிஎஃப்எம்56 இன்ஜினுக்கு மட்டுமல்ல, ஷம்ஷாபாத் மையத்துக்கு வரும் லீப் இன்ஜினுக்கும் அது பொருந்தும்.

இரண்டு ஆண்டில் விமான நிறுவனங்களுக்குக் கிடைத்தது, பத்து ஆண்டு கடந்தும் கார்க்காரருக்குக் கிடைக்கவில்லை. நியாயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். விமான நிறுவனங்கள் சில நூறு; ஒரே சங்கத்தில் உட்கார்ந்து ஒரே குரலில் பேசுகின்றன; நாளைக்கு அடுத்த கம்பெனியிடம் நூறு இன்ஜின் வாங்குவோம் என்று மிரட்டவும் முடியும். கார், பைக், ஆட்டோ வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் சிதறிக் கிடக்கிறார்கள். கியர்பாக்ஸ் போன அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கோபம் வரும். பணம் கட்டி வண்டியை எடுத்ததும் போய்விடும். இப்படிச் சிதறிக் கிடப்பவர்களுக்குச் சங்கமாக இருக்க வேண்டியது அரசு. அது விமானத்துக்குச் சங்கமாக இருக்கிறது.

வரியிலும் இதே கதைதான். விமான உதிரிபாகத்துக்கு 5%. கார் பாகங்களுக்கு நேற்றுவரை பெரும்பாலும் 28%. 2025 செப்டம்பர் 22 முதல்தான் எல்லா வாகன பாகங்களுக்கும் ஒரே சீராக 18% ஆனது. இது நல்ல குறைப்புதான், குறை சொல்ல மாட்டேன். 28%-க்கும் 18%-க்கும் நடுவே இது எந்தப் பாகம் என்று நடந்த வகைப்பாட்டு வழக்குகளும் ஒழிந்தன. ஆனால் ஆட்டோவுக்கு கிளட்ச் கேபிள் வாங்குகிற ஓட்டுநர் 18% கட்டும்போது, சிங்கப்பூரிலிருந்து டர்பைன் தகடு தருவிக்கும் விமான நிறுவனம் 5% கட்டுவதை எப்படி விளக்குவது? பழுது வேலை வெளிநாட்டுக்குப் போய்விடும் என்பது விமானத்துக்குச் சொல்லப்படும் காரணம். ஆட்டோ பழுதுபார்க்க சிங்கப்பூர் போகாது என்பது உண்மை. அது போகும் இடம் பில் இல்லாத கடை. வரி கூடக்கூட வாடிக்கையாளர் ரசீது கேட்பதை விடுகிறார். ரசீது போனால் பாகம் எங்கிருந்து வந்தது என்ற தடமும் போகிறது. அந்த இருட்டில்தான் டூப்ளிகேட் வளர்கிறது.

டூப்ளிகேட் என்ற சொல் வந்துவிட்டதால் கம்பெனிகளின் வாதத்தையும் கேட்டுவிடலாம். பிரேக் பாகத்தைக் கண்ட கடையிலும் விற்றால் உயிருக்கு யார் பொறுப்பு என்பார்கள். கேள்வி நியாயமானது. போலி பிரேக் ஷூவும் போலி ஆயில் ஃபில்டரும் நம் சந்தைகளில் இருக்கின்றன என்பதை எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார். ஆனால் சாத்தப்பட்ட கதவு போலியைத் தடுத்துவிடுமா? உலகிலேயே மிகக் கடுமையாகப் பூட்டப்பட்ட சந்தையான விமான இன்ஜின் சந்தையில், 2023-இல் ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற லண்டன் நிறுவனம் போலிச் சான்றிதழ்களோடு விற்ற பாகங்கள் பல நாட்டு விமானங்களின் இன்ஜின்களுக்குள்ளே இருந்தது வெளிப்பட்டது. அதை யார் பிடித்தார்கள்? போர்ச்சுகல் விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் ஒரு பாகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, சான்றிதழ் உண்மையா என்று தயாரிப்பாளரிடம் கேட்டவர்கள். கேட்க ஒரு வழி இருந்தது, பதில் சொல்ல ஒரு கடமை இருந்தது. அவ்வளவுதான் பாதுகாப்பு. ராணிகஞ்சில் ஒரு கடைக்காரர் தன் கையிலிருக்கும் பெட்டி உண்மையானதா என்று எந்தக் கம்பெனியிடம் கேட்பார்? அவர் ‘அங்கீகாரம் பெறாதவர்’. கேள்வி கேட்கும் உரிமையே அவருக்கு இல்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் மூன்றாம் தரப்புப் பாகத்துக்குச் சோதித்து அங்கீகாரம் கொடுப்பதுபோல, நம் மோட்டார் வாகன விதிகளிலும் பிரேக், விளக்கு, கண்ணாடி போன்ற பாதுகாப்புப் பாகங்களுக்குத் தர அளவுகள் உண்டு. அவற்றைக் கடைமேசை வரைக்கும் கொண்டுவந்து, கம்பெனி பெட்டிக்கும் டூப்ளிகேட்டுக்கும் நடுவில் ‘சோதிக்கப்பட்ட மாற்றுப் பாகம்’ என்று ஒரு மூன்றாம் அலமாரியைச் சட்டப்படி உருவாக்கினால் போலிக்காரனுக்குத்தான் முதல் நஷ்டம். தயாரிக்கிறவர்களுக்கும் இதில் லாபமே. வாகன பாகத் தொழிற்சங்கமான அக்மாவின் கணக்குப்படி இந்தியாவின் வாகன உதிரிபாகச் சந்தை ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

பழுதுபார்ப்பது உற்பத்திக்கு ஒரு படி கீழான வேலை என்ற நினைப்பும் நம் கொள்கை வகுப்பாளர்களிடம் இருக்கிறது. வரலாறு நேர்மாறானது. பேகம்பேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜாம் அரசும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ் 1946-இல் இங்கிருந்து பறந்தது போரில் மிஞ்சிய டகோட்டா விமானங்களை வைத்து. பழைய ராணுவ விமானத்தைப் பயணி விமானமாக்கி ஓட்டுவது என்றால் பாதி வேலை பட்டறையில்தான். அதே காலத்தில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம், கான்பூரில் பிரிட்டிஷார் சேதப்படுத்திக் குவித்துவிட்டுப் போன பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் சுமார் நாற்பதை உயிர்ப்பித்து இந்திய விமானப் படைக்குக் கொடுத்தது. பழுது பார்த்துக் கற்றுக்கொண்ட கைகள்தான் பிறகு விமானம் செய்தன. பேகம்பேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள பாலாநகரின் லேத் பட்டறைகளும் பொதுத்துறை ஆலைகளுக்குப் பாகம் செய்துகொடுத்தே கை தேர்ந்தவை.

தமிழ்நாட்டில் இதற்கு மதுரையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1911-இல் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் முதலில் வாகனம் செய்யவில்லை. பேருந்து ஓட்டினார், வண்டியும் பாகமும் விற்றார், சர்வீஸ் செய்தார். பேருந்துகளின் டயர் பஞ்சராகாமலிருக்கச் சாலையில் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க காந்தம் கட்டிய வண்டி விட்டார் என்பது மதுரைக்காரர்கள் இன்றும் சொல்லும் செய்தி. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது வண்டியில் பொருத்தும் ‘கேஸ் பிளான்ட்’ செய்து விற்றார்கள். லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா எல்லாம் 1960-களின் தொடக்கத்தில் வந்தவை. அரை நூற்றாண்டு சர்வீஸ் செய்தபின்தான் உற்பத்தி. கோவை மோட்டார் பம்ப்பும் அப்படியே. எந்தக் கிராமத்திலும் காயில் கட்டுகிற கடை இருந்ததால்தான் விவசாயி துணிந்து மோட்டார் வாங்கினார். அந்த மோட்டாரைக் கழற்றுவதற்கு யாருடைய பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை.

கம்பெனியே போய்விட்டால் என்ன? ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை அடுத்த ஆண்டு ஓய்ந்தது. பாகமும் சர்வீஸும் தொடரும் என்று கம்பெனி சொன்னது, சேவை மையங்களையும் நடத்துகிறது. அது ஃபோர்டின் விருப்பமாக இருக்கிறதே தவிர, இத்தனை ஆண்டு பாகம் தந்தே ஆக வேண்டும் என்று வாங்கியவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு தெளிவான சட்டம் இல்லை. மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகள் முளைப்பதையும் மூடுவதையும் பார்க்கும்போது இந்த ஓட்டை சாதாரணமானதில்லை.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை என்பார்கள். 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. வேளாண் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில் இணையவாசல் திறந்தார்கள். கம்பெனிகள் தங்கள் கையேடு, வாரண்டி விவரங்களை அதில் போடலாம். போடாவிட்டால்? ஒன்றுமில்லை. 2025-இல் பழுதுபார்க்க எளிதா என்று மதிப்பெண் போடும் குறியீட்டுக்குப் பரிந்துரை வந்தது. அதுவும் கைபேசியையும் வீட்டுச் சாதனத்தையும் தாண்டவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார்களுக்குச் சட்டம் போட்டது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல், கம்பெனி தன் டீலருக்குத் தரும் சர்வீஸ் தகவலைச் சுதந்திரப் பட்டறைக்கும் நியாயமான விலையில் தந்தாக வேண்டும். இலவசமாகக்கூட இல்லை, விலைக்குத்தான். இங்கே அந்த அளவு கேட்டாலே போதும்.

சட்டம் வர நாளாகும். அதுவரை அரசு தானே ஒரு பெரிய வாடிக்கையாளர் என்பதை நினைத்துப் பார்க்கலாம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து சென்னையின் 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. அவற்றை மாநகரப் போக்குவரத்துக் கழகம் வாங்கவில்லை. வண்டியும் பராமரிப்பும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்துடையது; கழகம் ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டுகிறது. ஹைதராபாதிலும் மின்சாரப் பேருந்துகள் இதே முறையில்தான் ஓடுகின்றன. 1962-இன் ‘வைப்பர்’ கணக்கு பேருந்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதலீடு செய்யப் பணமில்லாத கழகங்களுக்கு இது வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் லேலண்ட் இன்ஜினைக் கண்ணைக் கட்டிக்கொண்டே பிரித்துப் பூட்டும் தொழிலாளர்களைத் தலைமுறையாக வளர்த்தவை நம் அரசுப் பணிமனைகள். பேட்டரிப் பெட்டியும் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியும் அவர்களுக்கு அந்நியமாகவே இருந்துவிட்டால், ஒப்பந்தம் முடியும் நாளில் பேரம் பேசும் பலம் எதிர்த்தரப்பிடம்தான் இருக்கும்.

விமான நிறுவனங்கள் சிஎஃப்எம்மிடம் வாங்கிய அதே விஷயங்களை இந்த ஒப்பந்தங்களில் எழுதலாம்: சர்வீஸ் கையேடும் கோளாறறியும் மென்பொருளும் கழகத்துக்கும் தர வேண்டும், கழகத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், பாகங்கள் விலைப்பட்டியலோடு திறந்த சந்தையில் கிடைக்க வேண்டும், கம்பெனி மூடினால் மென்பொருள் கழகத்தின் கைக்கு வர வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் ஒரு பத்தி கூடும். போக்குவரத்துத் துறைச் செயலாளரின் கையெழுத்து போதும்.